முன் ஏறியவர்கள்

6 ஜூலை 1970, திங்கள்

அனுமதி கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசி மணி, எட்டாம் வகுப்பு. தலைமையாசிரியர் வீரராகவன் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பாடத்திட்டம் பின்தங்கக் கூடாது. அடுத்த மாதம் ஆய்வாளர் வரும்போது அவருக்குப் பிடிக்காவிட்டால் வகுப்பு நின்றுவிடும். “உலக வகுப்புன்னு பேர் வச்சிருக்கீங்க. மண்ணூர்பேட்டைக்கு இவ்வளவு பெரிய பேர் தாங்குமாம்மா?” என்றார். சிரித்துவிட்டு வந்தேன்.

தாங்கும். நூலகத்தில் ஐ.நா. வெளியீடு ஒன்று படித்தேன். வரும் பத்தாண்டுகளை வளர்ச்சிக்கென்றே அறிவிக்கப்போகிறார்களாம். அந்தப் பத்தாண்டின் முடிவில் இந்தப் பெண்களுக்கு வயது இருபத்து மூன்று ஆகியிருக்கும். அதற்குள் உலகம் தங்களைப் பற்றி என்ன பேசுகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

10 ஜூலை, வெள்ளி

முதல் வகுப்பு. ஆப்பிரிக்காவைப் பலகையில் வரைந்தேன். கொஞ்சம் வெண்டைக்காய் மாதிரி வந்தது. தொழிற்பேட்டையில் மோட்டாருக்குச் சுற்றும் செம்புக் கம்பியின் செம்பு சாம்பியாவிலிருந்து வரக்கூடும் என்றேன். எல்லாத் தலையும் நிமிர்ந்தது. பாதிப் பேரின் அப்பாக்களுக்குத் தொழிற்பேட்டையில்தான் வேலை.

திரும்பும்போது, அம்பத்தூரில் கூட்டம் இறங்கியதும், ரயிலில் காலைபோலவே ஜன்னலோரம். அம்பத்தூர் ஏரியில் மேகம் மிதந்தது. எங்கோ ஒரு சுரங்க ஊரில் என் வயதுப் பெண் ஒருத்தி, சாயங்காலம், இதே நிறத்தில் ஒரு நீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. அவள் பெயர் என்னவாக இருக்கும்? ஆவடி வந்ததே தெரியவில்லை. நல்லவேளை, வண்டி அதற்கு மேல் போகாது.

17 ஜூலை, வெள்ளி

‘முன்னேறிய நாடுகள் எவை? ஏன்?’ என்று எழுதச் சொன்னேன்.

19 ஜூலை, ஞாயிறு

தாள் திருத்தினேன். அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி. எல்லாம் ஒரே மாதிரி. ராணியின் தாள் மட்டும் வேறு. அவள் வீடு கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம். அப்பா நாகப்பன் பெரம்பூருக்கு வேலைக்குப் போகிறவர். எழுதியிருந்தாள்:

“முன் ஏறிய நாடு என்றால் ஆவடிலயே ஏறினவங்க. அவங்க குந்திகினு போவாங்க. எங்க நைனா கொரட்டூர்ல ஏறும். நின்னுகினுதான் போவும்.”

சிவப்பு மையில் சுழித்தேன். ‘பிரித்து எழுதாதே’ என்று பக்கத்தில் எழுதினேன்.

பிறகு பேனாவை வைத்துவிட்டேன். கோவில்பதாகையிலிருந்து ஆவடிக்கு நடந்து வந்து தினமும் ஏறுகிறவள் யார்? நான்தானே. ஜன்னலோரத்தை என் இயல்பின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தேன் — கனவு காண்கிறவளுக்கு ஜன்னல் தானாகக் கிடைக்கும் என்பதுபோல.

20 ஜூலை, திங்கள்

அம்பத்தூரில் கூடைக்கார அம்மா ஒருத்தி ஏறினாள். எழுந்து இடம் கொடுக்கலாமா? வேஷமாகத் தோன்றியது. நகர்ந்தேன். “இன்னும் இத்தினிக்கூண்டு நவுரு கண்ணு,” என்றாள். இன்னும் நகர்ந்தேன். நான் இறங்கும் கொரட்டூர் வரை அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. புத்தகத்தைப் பிரிக்க முடியவில்லை.

7 ஆகஸ்ட், வெள்ளி

ஆய்வாளர் வந்தார். வகுப்பு போச்சு.

பார்த்துப் பார்த்து வரைந்த உலகப் படத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராணியை எழுப்பி, முன்னேறிய நாடு என்றால் என்ன என்று கேட்டார். நான் கண்ணால் ‘இங்கிலாந்து’ என்றேன். அவள் ரயிலைச் சொன்னாள்.

“அப்ப நம்ம நாடு சோம்பேறித்தனமா லேட்டா வந்துதா?”

“இல்ல சார். வண்டி நம்மாண்ட வரசொல்லோ ரொம்பிப்பூட்ச்சு.”

அவர் எழுதினார்: ‘மாணவிகளுக்குச் சொற்பொருள் தெரியவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாத இவ்வகுப்பை நிறுத்தி, அந்நேரத்தில் இலக்கணம் நடத்தவும்.’

சொற்பொருள் தெரியலையாம்! அவளுக்குத் தெரிஞ்ச அளவு எனக்கே தெரியாதே. அப்பவே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? தலையை ஆட்டிக்கினு நின்னேன். எத்தனை புத்தகம் படிச்சு என்ன பிரயோஜனம்?

8 ஆகஸ்ட், சனி

பழைய இலக்கண நூலை எடுத்துப் பார்த்தேன். முன் + ஏறிய = முன்னேறிய. னகரம் இரட்டிக்கிறது. ராணி பிரித்தது சரி. நான் சுழித்ததுதான் பிழை.

10 ஆகஸ்ட், திங்கள்

ராணியிடம் தாளை வாங்கி, என் சிவப்பு வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தேன். “பரவால்ல டீச்சர்,” என்று என்னைத் தேற்றினாள்.

தமிழாசிரியை சுசீலாவுக்கு அந்தக் கடைசி மணி வகுப்பு வேண்டாமாம். வெள்ளிக்கிழமை நாலு மணி வண்டியை விட முடியாதாம். வீரராகவன் அறைக்குப் போய், நானே எடுக்கிறேன் என்றேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“இலக்கணம்தானே எடுப்பீங்க?”

“சொல் பிரிப்பேன் சார்.”

“எந்தச் சொல்லு?”

“பேப்பர்ல வர்ற சொல்லு.”

கால அட்டவணையில் ‘உலக வகுப்பு’ என்பதன் மேல் ஒட்டுக் காகிதம் ஒட்டி ‘இலக்கணம்’ என்று எழுதினார்.

14 ஆகஸ்ட், வெள்ளி

செய்தித்தாளிலிருந்து ஒரு சொல்: கடனுதவி. கடன் + உதவி என்று எல்லோரும் சரியாகப் பிரித்தார்கள். அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று திரும்பினேன். கடைசி பெஞ்சில் நாகம்மாள் எழுந்து நின்றாள். ஜூனிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பெண்.

“கடன்னா திருப்பிக் குடுக்கணும். ஒதவின்னா வோணாம். ரெண்டையும் எப்டி டீச்சர் ஒண்ணா சேத்தாங்க?”

மணி அடித்தது. யாரும் பையை எடுக்கவில்லை.

பாடக் குறிப்பேட்டில் எழுதினேன்: ‘இலக்கணம். புணர்ச்சி. எடுத்துக்காட்டு ஒன்று.’ சாயங்காலம் அதன் கீழே வீரராகவனின் கையெழுத்து இருந்தது.