‘பறி’க்கு ஓசை கிடைக்காத கோடை

1664 ஜூன் 20, கென்ட்
அப்பா கடைசி வரியை இன்றும் மாற்றினார். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து பழைய ரோமாபுரிக் கவிஞன் ஒருவனின் லத்தீன் பாட்டுகளை அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன். பதினான்கு பாட்டில் பதின்மூன்று முடிந்துவிட்டது. மிச்சம் ஒரு சொல். ‘இன்றைய நாளைப் பிடி’ என்கிறார். பிடிக்க அது என்ன, ஓடுகிற திருடனா? லத்தீனில் அது பழத்துக்குச் சொல்லும் சொல் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ‘பறி’ என்றேன், ஆங்கிலத்தில் ‘பிளக்’.

“அதுக்கு ஓசை சேருற சொல் இங்கிலீஷ்ல ‘டக்’, வாத்து ஒண்ணுதான். ரோமாபுரியில வாத்தை விடச் சொல்றியா?”

சிரித்துவிட்டேன். வேலை நடக்கவில்லை.

ஜூன் 22
என்னைக் கட்டிக்கொள்ளப் போகிற ஆம்புரோஸ் வந்தான். அவனுக்கு ஹாரிச் கப்பல் பட்டறையில் தச்சு வேலை; ஜூலை 20க்குள் அங்கே இருக்க வேண்டும். அதற்குள் கல்யாணம். கோயிலில் மூன்று ஞாயிறு எங்கள் பெயரை அறிவித்தாக வேண்டும். அறிவிக்க வேண்டிய பாதிரியார் என் அப்பாவேதான். “ஆகட்டும்” என்றார்.

ஜூன் 26, ஞாயிறு
அறிவிக்கவில்லை! விசுவாச அறிக்கை முடிந்ததும் நேரே பிரசங்கத்துக்குத் தாவிவிட்டார். “மறந்துட்டேம்மா.” பதினான்கு பாட்டும் மனப்பாடம், ரெண்டு பேர் மறந்துபோகுமா?

ஜூன் 28
கேட்டே விட்டேன்.

“புத்தகம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.”

“நாளையை நம்பாதேன்னு நீங்கதானேப்பா என்னை எழுத வச்சீங்க?”

“அது ரோமாக்காரன் சொன்னது. நான் கிறிஸ்தவன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகம் முடிந்தால் நான் போய்விடுவேன், அதனால் முடிக்க மாட்டார். ஐயோ, இது எனக்கு இப்போதுதானா புரிய வேண்டும்? கோபமாக இருக்கிறது. பாவமாகவும் இருக்கிறது. இனி மூன்று ஞாயிறுதான் பாக்கி, ஒன்று தவறினாலும் ஆம்புரோஸ் தனியாகத்தான் போவான்.

ஜூலை 1
‘பறி’ என்றே எழுதினேன். ஓசைக்கு வாத்து வேண்டாம் என்று ‘லக்’, அதாவது அதிர்ஷ்டம், வைத்தேன். எல்லாம் கடவுள் சித்தம் என்கிற அப்பாவுக்கு அந்தச் சொல்லே ஆகாது. தாள்களைக் கட்டி, லண்டன் அச்சுக்காரருக்கு வண்டியில் அனுப்பிவிட்டு வந்து சொன்னேன்.

“யாரைக் கேட்டு அனுப்பினே?”

“யாரையும் கேக்கலை.”

ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

ஜூலை 2
அப்பா என்னைக் கூப்பிடாமல் தன் கஞ்சியைத் தானே தடவி ஊற்றிக்கொண்டார்.

ஜூலை 3, ஞாயிறு
அறிவித்தார். “ஆம்புரோஸ் விக்கென்டன், தாமசின் ஹாட்லோ. இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.” அதன் பிறகு நின்றார். வழக்கமாக ஒரு மூச்சு விடும் நேரம்தான். இன்று ஜனங்கள் இருமினார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தடை சொல்ல விரும்பிய ஒரே ஆள் மேடையில் நின்றுகொண்டிருந்தார்.

“இல்லை” என்று அவரே சொன்னார். பிரசங்கத்துக்குப் போனார்.

ஜூலை 10
இரண்டாவது முறை. நிற்கவில்லை.

ஜூலை 18
நேற்று மூன்றாம் அறிவிப்பு, இன்று காலை கல்யாணம். மத்தியானம் வண்டி வாசலில் நின்றது. ஆம்புரோஸ் பெட்டியை ஏற்றினான், நான் தொப்பி கட்டிக்கொண்டேன். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்பார், என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தேன்.

கேட்கவில்லை. மேஜைப் பக்கம் நாற்காலியைத் தடவி இழுத்துப் போட்டார். “ஆட்டுக்கறி சூடா இருக்கு. உக்காரும்மா.”

சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம் என்று தொப்பியைக் கழற்றினேன். வண்டிக்காரன் ரெண்டு முறை கூப்பிட்டான்.