பழைய கட்டி

ஓம் ராத்தா, எனக்கு முதலே தெரியும். போனில் நீங்கள் கேட்டபோது லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஸலாம்கூடச் சொல்லாமல் தொடங்கிவிட்டேன். அஸ்ஸலாமு அலைக்கும். டோஹாவில் உங்களுக்கும் மச்சானுக்கும் சுகம்தானே. காத்தான்குடியில் மூன்று நாளாக மழை. வாவி ஏறி நம் பின்வளவு வரை நிற்கிறது.

வாப்பா மௌத்தாகி அடக்கியதிலிருந்து உம்மா இத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டவில்லை. இரண்டாம் மாதம், குளித்துவிட்டு வந்தவர் என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தார். கொட்டைப்பாக்களவு. கல் மாதிரி. “இத்தா முடியட்டும் மகள். அதுக்குள்ள ஆம்புளை டொக்டருக்கு முன்னால என்னைக் கொண்டு நிறுத்தாத. ராத்தாக்கும் சொல்லாத,” என்றார்.

இத்தாவிலும் நோய்க்கு விலக்கு உண்டு. எனக்குத் தெரியும். மௌலவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே உம்மாவை அனுப்பியிருப்பார். கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக் கட்டுரை கொடுக்க ஆறு கிழமைதான் இருந்தது. உம்மாவின் பிடிவாதம் எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு தலையிடி. ஆறு வருடத்துக்கு முந்திய ஸ்கேன் ஞாபகம் இருக்கும். மூளை உறையில் சின்னக் கட்டி, புற்றுநோய் இல்லை, சும்மா விடலாம் என்றார்களே. உம்மா தலையைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த றிப்போட்டை வாசித்துக் காட்டினேன். அவரும் சிரிப்பார். “அது நம்மட ஊட்டுப் பூனதானே, கிடக்கட்டும்.”

இத்தா முடிந்த கிழமை விழுந்தார். தலைக்குள் கட்டி பெருத்திருந்தது என்று ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். திங்கள் வந்த பரிசோதனை முடிவை உங்களுக்கு அரைகுறையாகச் சொன்னேன். முழுவதும் இதுதான்: கட்டி அதே கட்டிதான், தீங்கில்லாதது. ஆனால் மார்பிலிருந்து புற்றுநோய் போய் அதற்குள் குடியிருக்கிறது. அரிதாக நடக்குமாம். இரத்தோட்டம் அதிகமுள்ள கட்டி என்பதால் அங்கே தங்கியிருக்கலாம் என்றார் டொக்டர்.

இரண்டு மாதம் முந்தி வந்திருந்தால் என்று கேட்டேன். அப்படிச் சொல்ல ஏலாது என்றார். எப்படிச் சொல்ல ஏலாது என்று நான் கேட்கவில்லை.

உம்மா வருகிறவர்களிடமெல்லாம், தலைக்குள் இருந்தது போய்விட்டது, இனிச் சுகம் என்கிறார். அடுத்த மாதம் லீவில் வந்து நீங்களே உண்மையைச் சொல்வதாகவும், அதுவரை நான் வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னீர்கள். மருந்து பத்து நாளைக்குள் தொடங்க வேண்டும். தெரியாத நோய்க்கு அவர் எப்படிச் சம்மதிப்பார்?

முன்பு உம்மாவின் பேச்சைக் கேட்டேன். இன்று உங்கள் பேச்சைக் கேட்காமல் இருக்கப்போகிறேன். ஏசுங்கள். ஏசுவதற்காவது சீக்கிரம் வாருங்கள். அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்கட்டும்.

தங்கச்சி
இர்ஷானா

கடிதத்தை மடித்து வைத்தேன். அஸர் தொழுதுவிட்டு உம்மாவின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். மார்பிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன்.