படத்துக்கு இல்லை, கழுத்துக்கு

1999 மார்ச் 1, கேட்டி, அமெரிக்கா

சாமி மாமா, ஊர்ல உங்களைக் கருப்புன்னாங்க, இங்க ஆபீஸ்ல சாம்னாங்க. சாமின்னு கூப்பிட நான் ஒருத்திதான். போன தீபாவளிக்கு முன்னாடி நெஞ்சு வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரலை. கூப்பிட ஆளில்லை, அதனால எழுதறேன். எட்டாவதோட நின்னவ எழுத்து. சிரிக்காதீங்க.

நம்ம பொண்ணு தென்றல் சட்டையில மஞ்சள் பூக் குத்திக்கிட்டு வந்தா. ரெண்டாங்கிளாஸ் டீச்சர் மிஸஸ் பெவன் வேல்ஸ்காரங்க. அங்க இன்னிக்கு ஏதோ பண்டிகையாம், பிள்ளைங்க இப்படிப் பூ வெச்சுக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகுமாம். டீச்சர் படிச்ச அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இந்தக் கிளாஸ் பெரிய அட்டை ஒண்ணு செஞ்சு அனுப்பப் போகுது. உங்க வீட்ல பூவை என்ன பண்ணுவீங்கன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டாங்களாம்.

"நீ என்ன சொன்னே கண்ணு?"

"சர்ப்ரைஸ். ஓப்பன் ஹவுஸ்ல பாரு."

மார்ச் 5

வெள்ளிக்கிழமை. உங்க படத்துக்குப் பூ மாத்தினேன். தென்றல் பக்கத்துல நின்னு நான் கட்டறதையே பாத்தா. முடிச்சு எப்படின்னு தமிழ்லயே கேட்டா! எனக்குத் தாங்கலை.

மார்ச் 11

எழுத முடியலை.

மார்ச் 12

நேத்து ஓப்பன் ஹவுஸ், பெத்தவங்க கிளாஸைப் பாக்கப் போற நாள். எதிர்வீட்டு ஷ்யாமளாக்கா கார்ல கூட்டிட்டுப் போனாங்க. கிளாஸ் சுவர் பூரா பிள்ளைங்க படம். எல்லாப் படத்துக்கும் காகிதப் பூமாலை. நடுவுல நம்ம தென்றல், முன்பல்லு விழுந்த சிரிப்பு, சுத்தி மாலை.

பிச்சுப் போட்டேன் மாமா. "எம்பொண்ணு உசிரோட இருக்கு, உசிரோட இருக்கு"ன்னு கத்தினேன். தமிழ்ல. யாருக்குப் புரியும்?

எங்க வழக்கத்துல செத்தவங்க படத்துக்குத்தான் மாலைன்னு ஷ்யாமளாக்கா இங்கிலீஷ்ல சொன்னாங்க. டீச்சர் வாயைப் பொத்திக்கிட்டாங்க. பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்? பிரியமானவங்க படத்துக்குப் பூ போடுவோம்னு தென்றல்தான் எந்திரிச்சு நின்னு சொல்லியிருக்கா. அவ கேட்டப்ப நான் அப்படித்தானே சொன்னேன் — அப்பா மேல பிரியம், அதான் பூன்னு.

கார்ல ஏறினதும் தென்றல், "யூ ருயின்ட் இட்." அவ்வளவுதான். எல்லாத்தையும் கெடுத்துட்டேனாம்.

மார்ச் 15

பள்ளிக்கூடம் ஒரு வாரம் லீவு. லீவு முடிஞ்சாலும் போகமாட்டேங்கறா. அவங்கம்மா பைத்தியம்னு கிளாஸ்ல சொல்லுவாங்களாம். அதை இங்கிலீஷ்லதான் சொன்னா. எனக்குப் புரிஞ்சுது. புரியாமலே இருந்திருக்கலாம்.

நீங்கன்னா ஏதாவது சொல்லிச் சிரிக்க வெச்சிருப்பீங்க. எனக்குச் சொல்ல இங்கிலீஷ் இல்லை, அவளுக்குக் கேக்கத் தமிழ் பத்தலை. உங்களைத்தான் விட்டுட்டேன். இவளையும் பக்கத்துல வெச்சுக்கிட்டே விட்டுடுவேனோ—

மார்ச் 18

டீச்சர் போன் பண்ணினாங்க. நல்லவேளை வீட்டுக்கு வந்திருந்த ஷ்யாமளாக்காகிட்டக் கொடுத்தேன். மாலையை எப்படிப் போடணும்னு நான் வந்து பிள்ளைங்களுக்குக் காட்டணுமாம்.

"எந்த மூஞ்சியோட அக்கா போறது?"

"அன்னிக்குப் போட்ட சத்தத்தைவிடப் பெருசா என்ன பண்ணிடப் போற? கிளம்பு."

எத்தனையோ நாள் கழிச்சுச் சிரிச்சேன்.

மார்ச் 23

தென்றலைக் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன். கடைசி மேசையில போய்க் குனிஞ்சு உக்காந்துக்கிட்டா. நான் ஊசி நூலை எடுத்துக் காகிதப் பூவைக் கோத்தேன். முன்னாடி இருந்த பொண்ணு கழுத்துல போட்டேன். வீட்டுல சொல்லிச் சொல்லிப் பழகினதைச் சொன்னேன்: "போட்டோ, நோ. நெக், எஸ்." பிள்ளைங்க தலையாட்டுச்சுங்க. சின்னக் கையெல்லாம் கோக்க ஆரம்பிச்சுது.

ஒரு பையன் என்னமோ கேட்டான். பின்னாடி நாற்காலி நகர்ந்த சத்தம். தென்றல் பக்கத்துல வந்து நின்னா.

"அம்மா, கழுத்துல எப்பப் போடுவாங்கன்னு கேக்கறான்."

"உயிரோட இருக்கறவங்களுக்குப் போடறது கண்ணு. மரியாதைக்கு. கல்யாணத்துக்கும்."

அவ இங்கிலீஷ்ல சொன்னதுதான் தாமசம், கல்யாணம்னதும் பயலுக எல்லாம் "ஈய்ய்"னு மாலையைக் கழட்ட ஓடினானுங்க! டீச்சர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. கடைசியில எல்லாரும் மாலையோட நின்னு ஒரு படம். வேல்ஸுக்கு அதுதான் போகுது.

வீட்டுக்கு வர்ற வழியில கார்ல, "அப்ப அப்பாவுக்குப் போடறது பிரியத்துக்கு இல்லையா?"

"பிரியத்துக்கும்தான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. ஆனா கையை எடுக்கலை, என் மடியில இருந்ததை.

மார்ச் 26

வெள்ளிக்கிழமை. உங்க படத்துக்குப் பூ மாத்திட்டு, சேலை எடுக்க அலமாரியைத் திறந்தேன். இன்டர்வியூவுக்குப் போட்டுக்கிட்டுப் போவீங்களே, அந்தச் சாம்பல் கோட்டு, ஹேங்கர்ல. அதோட கழுத்துல தென்றல் கோத்த காகித மாலை. நாற்காலி போட்டு ஏறியிருக்கா, கீழேயே கிடக்குது நாற்காலி. சின்ன மாலை, முதல் பட்டனுக்குக்கூட எட்டலை.

கழட்டக் கை போச்சு. போன கையை இழுத்துக்கிட்டேன்.

ஏனுங்க மாமா, எடுத்துடட்டுமா, இருக்கட்டுமா?