ஜெபவீட்டுக்குக் கொண்டுபோன கிடா

கயலுக்கு,

2024 நவம்பர் 17, ஞாயிறு, காலை 11.10. பள்ளிபாளையம் ஜெபவீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே இருபத்து மூன்று பேர் பாடுகிறார்கள். நீ ஆஸ்பத்திரியில் பாப்பாவோடு இருக்கிறாய்; போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

பாப்பா மூளைக்காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, உனக்குத் தெரியாமல் உன் ஏசுவுக்குக் கிடா நேர்ந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை கண் திறந்துவிட்டாள். அதனால் இன்று கிடாவோடு வந்தேன்.

"பிரியாணிங்களா சாமி?" என்று ஓர் அம்மா சிரித்தார். பாஸ்டர் சிரிக்கவில்லை.

"கிடாயெல்லாம் வேண்டாமுங்க. நமக்காக அவரே பலியாயிட்டாருங்க. நன்றி சொல்லோணும்னா உள்ள வந்து பாடுங்க."

"அப்புறம் நேர்ந்தது எப்படிங்க தீரும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"நம்மளால தீராதுங்க. அதுக்குத்தான் பாடறோம்."

உள்ளே போனேன். பாட்டு தெரியாது. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. மண்டியிட்டுவிட்டேன்.

வெளியே வந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக், எதற்கும் கியாரண்டி கேட்பவன். கிடா வெட்டியிருந்தால் பாப்பாவுக்கு இனி ஒன்றும் வராது என்று தைரியமாக இருந்திருப்பேன். இங்கே அப்படி எதுவும் தரவில்லை.

இது போதாதென்று, உன் ஜெபப்பாட்டே பிடிக்காத என் அப்பா வேறு. "ஊட்டுக்குள்ள அந்தப் பாட்டு கேட்டுச்சுன்னா ரெண்டு பேரும் வெளிய போயிரோணும்" என்றவர்.

இனி செய்யப்போவது:

1. கிடாவை வாங்கிய பட்டியிலேயே விட்டுவிடுவேன்.

2. அப்பாவிடம் நானே சொல்வேன். போகச் சொன்னால் போவோம்.

3. காய்ச்சல் திரும்பி வந்தாலும் அடுத்த ஞாயிறு வந்து பாடுவேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் பயமாக இருந்தது.

உன் வீட்டுக்காரன்