கோலாலம்பூரில் வாப்பா இறங்காத ரயில்

அக்குறணை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் சின்னவன் ஹுதைபாவும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை கேட்கிறேன். எங்கள் சுகத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசும்போதெல்லாம் வாப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால் சொல்ல வழியில்லை. பக்கத்து வீட்டு நபீல் மெல்பர்னுக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து, அவசரப்படாமல் ஆறுதலாக வாசி.

தம்பி ஷாமில் எங்களைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போய் வந்த பிறகு, கோலாலம்பூர் எப்படி உம்மா என்று நீ கேட்டபோதெல்லாம் நல்ல ஊர் என்று மட்டும் சொன்னேன். உண்மையில் அந்த ஊரை எனக்குப் பிடிக்கவில்லை. கட்டடங்களை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பெரஹரா ஊர்வலத்துக்குக் கண்டி டவுனில் சேரும் சனம் அங்கே எந்நாளும் தெருவில் நிற்கிறது, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. வெளியே நெருப்பு வெயில், கடைக்குள் போனால் குளிரில் பல் அடிக்கிறது. ரயிலுக்கு ஓட்டுநரே இல்லை. வாப்பா முன்கண்ணாடிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, ட்ரைவர் இல்லாம இத யாரு ஓட்டுற என்று கேட்டார். ஷாமிலும் மருமகள் அஸீமாவும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே புதிதாகக் கேட்டார். அன்று காலை ஹோட்டல் அறையில் எழும்பி, இது யாருட ஊடு என்றும் கேட்டிருந்தார். பிரயாணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த நாள் பள்ளிவாசலுக்குப் பக்கத்து ஸ்டேஷனில் இறங்க வேண்டும். சனம் தள்ளியது. நாங்கள் மூவரும் இறங்கிவிட்டோம், வாப்பா உள்ளே நின்றார். இறங்குங்க, இறங்குங்க என்று நான் கத்துகிறேன், கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குள் அவருடைய முகத்தைப் பார்த்தேன் மகள். அதில் பயம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது. பஸ் ஹோல்ட்டில் நிற்கிற யாரோ ஒரு பொம்பிளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். ரயில் போய்விட்டது. அவருடைய போன் என் கைப்பையில் கிடந்தது. ஷாமில் அடுத்த ரயிலில் ஏறி ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தேடிப் போனான், அஸீமா கவுண்டரில் நின்று தெரிந்த இங்கிலீஷில் அழுது அழுது சொன்னாள். நான் ஒரு கதிரையில் உட்கார்ந்து தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன், பாதியில் பாதியில் மறந்துபோனது. பின்னேரம் அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லியும் ஒரு தகவல் இல்லை.

கடைசியில் கவுண்டருக்கு ஒரு போன் வந்தது. பாதையின் முடிவில் இருக்கிற ஸ்டேஷனில் வேலை செய்கிற சர்மிளா என்ற தமிழ்ப் பிள்ளை பேசினாள். அம்மா, ஐயா இங்கதான் இருக்காரு, அக்குறணைக்குப் போகணும்னு சொல்றாரு, அது எந்த லைன்ல இருக்குன்னு எங்களுக்குத் தெரியலம்மா என்றாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாத்தளை பஸ் இங்கதானே நிக்கும், அக்குறணையில எறங்கி கடையைத் திறக்கணும் என்று அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டாராம். என்னைக் கண்டதும் மரியாதையாக எழும்பி இடம் விட்டார். நீங்க எந்தப் பக்கம் போறீங்க என்று கேட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, கைரியா, எங்க போன நீ, எவ்வளவு நேரமா நிக்கிறேன் என்று ஏசத் தொடங்கினார். அந்த ஏச்சைக் கேட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். மிச்ச நாளெல்லாம் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் எடுத்த படத்துக்கு நீ குரூப்பில் இதயம் போட்டிருந்தாய். அதிலும் என் கை அவருடைய சட்டையைத்தான் பிடித்திருக்கிறது, பெரிதாக்கிப் பார்.

வந்ததும் கண்டியில் டொக்டரிடம் காட்டினோம். தலையைப் படம் பிடித்தார்கள், என்னென்னவோ கேள்வி கேட்டார்கள். இது மறதி வருத்தம், கொஞ்ச காலமாகவே இருந்திருக்கிறது, சொந்த ஊரில் பழக்கத்தால் சமாளித்திருக்கிறார், புது இடத்தில்தான் வெளியே வந்தது என்றார். மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், சுகமாக்க முடியாது. வாப்பா எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து கேட்டார். திரும்பி வரும் வழியில் கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டினோம். பிறகு, நப்லாவுக்கு இதச் சொல்ல வேணாம், தூரத்துல இருந்து புள்ள என்ன செய்ற, அழுவாள் மட்டும்தானே என்றார். நானும் சரி என்றேன். கார்ச் சாவியை ஷாமில் எடுத்து வைத்துக்கொண்டதற்குப் பெரிய சண்டை போட்டார். நம்முடைய புடவைக் கடைக்கு மட்டும் போகிறார். ஆளைத் தெரியாமல் போய்விடுமோ என்று உள்ளே வருகிற எல்லோருக்கும் முந்திக்கொண்டு ஸலாம் சொல்கிறாராம். ஷாமில் சொல்லிவிட்டு அழுதான். நான் கூட்டிப் போனதால்தானே என்று தன்னையே குற்றம் சொல்கிறான். நீயும் அவனிடம் கோபிக்காதே. அவன் கூட்டிப் போகாவிட்டால் நமக்கு இன்னும் தெரிந்திருக்காது.

வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை நீ அவரோடு வெகுநேரம் பேசினாய் அல்லவா, ஹுதைபா குர்ஆன் ஸூரா ஓதிக் காட்டினானே, அவர் மாஷா அல்லாஹ் மாஷா அல்லாஹ் என்று சிரித்தாரே. போனை வைத்ததும் என்னிடம், யாரு அந்தப் புள்ள, நல்ல மரியாதையாப் பேசுற என்று கேட்டார். எங்கட நப்லா என்றேன். அப்படியே தலையைக் குனிந்துகொண்டார். எழும்பிப் போய் முகம் கை கால் கழுவி வுளூ செய்துவிட்டு வந்து, இனி அவள் எடுத்தா, போனத் தர முந்தி யாரெண்டு எனக்கு சொல்லிடு கைரியா, புள்ளைக்கு விளங்கிடக் கூடாது என்றார்.

அடுத்த வருஷம் வருவதாகச் சொன்னாய். அவ்வளவு தாமதிக்காதே, ஹுதைபாவின் இந்த லீவுக்கே வா. வந்து அழாதே, வாப்பாவிடம் ஏதோ ஒரு வேலையாக வந்தேன் என்று சொல். ஹுதைபாவுக்கு மூச்சு இழுப்பு வருகிற காலம், குளிருக்கு வெறும் காலோடு விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அல்லாஹ் உன் வீட்டில் பரக்கத் செய்யட்டும், உன் பிள்ளையை உனக்குக் கண்குளிர்ச்சியாக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே மகள். இனி போன் எடுத்தால், வாப்பா எப்படி இருக்கிறீங்க என்று தொடங்காதே. வாப்பா, நான் உங்கட மகள் நப்லா பேசுறேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு பேசு. ஒவ்வொரு முறையும் சொல்.

உன் உம்மா,
கைரியா ஜவாஹிர்