வீட்டுக்குப் போகிற கரி

பிப்ரவரி 9

துரு சுரண்டிச் சுரண்டி விரலெல்லாம் பழைய ஆணி மாதிரி நாறுகிறது. குற்றம்: எஞ்சின் அறைக்காரர்களின் பூட்ஸை அலமாரியில் ஆளுக்கு ஒரு இடம் தள்ளி வைத்தது. அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் தொலையவில்லை. எல்லாரும் பக்கத்து ஆளின் பூட்ஸில் அரை நாள் நொண்டினார்கள், கப்பலே கல்யாண வீட்டு நாற்காலி மாதிரி ஆடிற்று.

அத்தைதான் கண்டுபிடித்தாள். அவள்தான் இங்கே தலைமை எஞ்சினியர். மற்றவர்களுக்கெல்லாம் மேடம், எனக்கு மட்டும் அத்தை. அதனால் தண்டனையும் எனக்கு மட்டும் சொந்தக்கார விலையில், ஒன்றுக்கு இரண்டு.

"சிரிச்சு முடிச்சிட்டியாடி?" என்றாள்.

"பாதிதான் அத்தை."

"மீதியை துரு சுரண்டிக்கிட்டே சிரி."

பழைய நோட்டு கடல் தண்ணீர் குடித்துக் கூழாகிவிட்டது. புது நோட்டுக்கு ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நாங்கள் எதிரிக் கப்பலைத் துரத்திக்கொண்டு ஊதாவாக மினுமினுக்கிற ஒரு மூடுபனிக்குள் போனோம். வெளியே வந்தபோது இந்த விரிகுடா. கரை நம் கரைதான், மலையும் நம் மலைதான். ஊர் மட்டும் நம் ஊர் இல்லை. வானொலியில் ஒரு குரல் இல்லை. இரும்புக் கப்பலை இங்கே ஒருவரும் பார்த்ததில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம் நாட்டை இரண்டாகக் கிழித்த போர் இந்த உலகத்தில் நடக்கவே இல்லையாம். நாங்களும் எதிரியும் இங்கே ஒரே நாடு. காய்கறிப் படகுக்காரி இரண்டு கப்பலையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன் இப்படி ஆளுக்கொரு மூலையில நிக்கறீங்க? சம்பந்திச் சண்டையா?"

ஆமாம், எதிரியும் எங்களோடு இங்கே வந்துவிட்டான். விரிகுடாவின் அந்த மூலையில்.

பிப்ரவரி 14

என் வேலையை எழுதவே இல்லையே. நான் விளக்கு சமிக்ஞை பழகுகிறவள். இரண்டு கேப்டன்களும் வந்த புதிதில் கரையில் சந்தித்து ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். தினமும் காலை முதல் மணி அடித்ததும் இரண்டு கப்பலும் விளக்கை மினுக்கி "இன்று இல்லை" என்று சொல்ல வேண்டும். இன்று சுட மாட்டோம் என்று அர்த்தம். இரண்டாம் மணிக்குள் சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் சண்டை.

உலகத்திலேயே குட்டியான சமாதானம். தோசை மாதிரி தினமும் புதிதாகச் சுட்டு எடுக்க வேண்டும்.

எதிர்க் கப்பலில் விளக்கு பிடிக்கிற ஆளுக்கு நான் வைத்த பெயர் எதிர்வீடு. முகம் தெரியாது. என் வயசுதான் இருக்கும், அவ்வளவு குசும்பு. எங்களுக்குள் ஓர் ஆட்டம்: யார் முதலில் "இன்று இல்லை" சொல்கிறார்களோ அவர்கள் தோற்றார்கள். தோற்றவர் கடைசியில் "கொட்டாவி" என்றும் சேர்த்து அனுப்ப வேண்டும். பொறுமை இல்லாமல் தூக்கம் வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிற மாதிரி. இன்று நான் கொட்டாவி. நேற்று எதிர்வீடு.

பிப்ரவரி 20

இரண்டு ரகசியம் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

ஒன்று: எங்களிடம் ஒரு குண்டுகூட மிச்சமில்லை. துரத்தும்போதே எல்லாவற்றையும் கடலுக்கு ஊட்டிவிட்டோம். தினமும் நான் "இன்று இல்லை" என்று மினுக்குவது நாளைக்கும் இல்லாததைத்தான்.

இரண்டு: விரிகுடாவின் வாயில் மணல் திட்டு இருக்கிறது. நம் உலகத்து வரைபடத்தில் அங்கே ஆழம். இங்கே ஆறு வேறு மாதிரி ஓடி மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. படகுக்காரிதான் சொன்னாள். எங்கள் ஆட்கள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்தே பார்த்துவிட்டார்கள். எதிரிக்குத் தெரியாது, அவனிடம் இருப்பதும் அதே பழைய வரைபடம்.

"யாரும் வாயைத் திறக்கக் கூடாது," என்றார் கேப்டன். "நம்ம கையில இருக்கற ஒரே குண்டு அதுதான்."

எதிர்வீட்டிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. உத்தரவு உத்தரவுதானே.

பிப்ரவரி 27

எதிர்வீடு மூன்று நாள் தொடர்ந்து கொட்டாவி! நானே ராணி.

மார்ச் 3

அத்தைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கரி அறையில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அங்கே சுவரில் சாக்பீஸால் அவள் போட்ட கோடு ஒன்று இருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிற கரியை யாரும் தொடக் கூடாது. தண்ணீர் காய்ச்சுவதற்கு, குளிருக்கு, எதற்கும் கூடாது. அது வீட்டுக்குப் போகிற கரி. மூடுபனி மறுபடியும் வரும், அப்போது முழு வேகத்தில் உள்ளே போக வேண்டும் என்பது அத்தையின் கணக்கு. இந்த ஊரில் கரி என்றால் அடுப்புக்கரிதான். தோண்டி எடுக்கிற கரியைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அத்தையின் மகனுக்கு நாலு வயசு. கிளம்பும்போது மாமாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப வேண்டாம் என்று அத்தையே சொன்னாள்.

"எழுப்பியிருக்கலாம்," என்றாள் இன்றைக்கு. என்னிடம் இல்லை, கரியிடம்.

நான் ஏதாவது ஜோக் அடித்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. வாயிலும் கோடு போட்டுவிட்டாள் போல.

மார்ச் 11

ஐயோ.

நான் ஒன்றும் செய்யலை. நிஜமாவே ஒன்றும் செய்யலை. அதுதான் — ஒன்றும் செய்யாமல் இருந்தேன், அதுதான்.

நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 12

முதல் மணி அடித்தது. நான் விளக்குப் பக்கத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். கேப்டன் கரைக்குப் போயிருந்தார். என்னோடு காவலுக்கு இருக்க வேண்டிய அதிகாரி பல்வலிக்குக் கிராம்பு தேடிக் கீழே போயிருந்தார். எதிர்வீடும் மினுக்கவில்லை. சரி, ஆட்டம் ஆரம்பம் என்று நினைத்தேன். இன்றைக்கு அசையவே மாட்டேன், இரண்டாம் மணி அடிக்க ஒரு மூச்சு இருக்கும்போதுதான் மினுக்குவேன், எதிர்வீட்டுக்குக் கொட்டாவி இல்லை, குறட்டையே வரட்டும் என்று நினைத்தேன்.

அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. "இன்று இல்லை." கொட்டாவி சேர்க்கவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். கோபத்தை இன்னும் கொஞ்சம் கிளறலாமே என்றும் தோன்றியது.

மறுபடியும் "இன்று இல்லை." மறுபடியும். வேகமாக, கோணல் மாணலாக. எதிர்வீடு அப்படி மினுக்காது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

நான் விளக்கின் மூடியில் கை வைத்ததும் இரண்டாம் மணி அடித்தது. மினுக்கினேன். மினுக்கிக்கொண்டே இருந்தேன். அவர்கள் பார்க்கவில்லை. அவர்களுடையது எண்ணெயில் ஓடுகிற கப்பல், சட்டென்று உயிர் வந்துவிடும். நங்கூரச் சங்கிலியை அறுத்துவிட்டுக் கிளம்பினார்கள். எங்களைச் சுட அல்ல. எங்களிடமிருந்து ஓட. நேரே விரிகுடாவின் வாய்க்கு, வரைபடத்தில் ஆழம் என்று போட்டிருக்கிற இடத்துக்கு.

"மணல்! மணல்! மணல்!" என்று மினுக்கினேன். முதுகைக் காட்டி ஓடுகிறவனுக்கு விளக்கு எதற்கு?

சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. முதலில் சின்னதாக, யாரோ தட்டைக் கீழே போட்ட மாதிரி. பிறகு கப்பல் மெதுவாகப் பக்கவாட்டில் படுத்தது.

கேப்டன் படகை விரட்டிக்கொண்டு திரும்பி வந்தார். எங்கள் சின்னப் படகுகளால் அன்றைக்கு இருந்த அலையைத் தாண்டி நெருங்க முடியவில்லை. பெரிய கப்பலே போய் நின்று கயிறு கட்ட வேண்டும், நீரோட்டத்தை எதிர்த்து எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கரி வேண்டும். கோட்டுக்குக் கீழே இருக்கிற கரி.

கேப்டன் உத்தரவு போடவில்லை. அத்தையிடம் கேட்டார். "மேடம், நீங்க சொல்லுங்க."

அத்தை நேரே கீழே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். சுவரில் இருந்த சாக்பீஸ் கோட்டை முழங்கையால் அழித்தாள். ஒரு தடவையில் போகவில்லை. இரண்டாவது தடவை சட்டைக் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு துடைத்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்து அடுப்புக்காரரிடம் நீட்டினாள்.

"போடுங்க. மிச்சம் வைக்காம போடுங்க."

மிச்சம் வைக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் கயிறு போட்டு ஆட்களை இழுத்தோம். ஒருவரைத் தவிர எல்லாரும் வந்துவிட்டார்கள்.

மார்ச் 13

கேப்டன் என்னைத் திட்டவில்லை. யாருமே திட்டவில்லை. திட்டினால் தேவலை. "ஏன் மினுக்கலை?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். "விளையாட்டு சார்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ பார்த்துவிட்டு, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

எதிர்க் கப்பலிலும் ஒரு குண்டுகூட இல்லையாம். வந்த அன்றைக்கே தீர்ந்துவிட்டதாம். இரண்டு வெறும் கைகள் தினமும் காலையில் "இன்றைக்கு அடிக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

மார்ச் 15

எதிர்வீட்டைத் தேடினேன். அவர்கள் எல்லாரும் இப்போது எங்கள் கப்பலில்தான், நடைபாதையெல்லாம் போர்வை. என் வயசில் இருக்கிற ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று, இரும்புச் சுவரில் விரலால் "கொட்டாவி" என்று தட்டினேன். எல்லாரும் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். கடைசியில் அவர்களுடைய தந்திக்காரர் எழுந்து வந்தார். ஒல்லியான ஆள், காதில் கட்டு.

"நீதானா அது?"

"எது?"

"தினமும் மினுக்குற வாலு." அவர் கீழே உட்கார்ந்தார். "அன்னைக்கு விளக்குல நான்தான் இருந்தேன். எனக்கு உங்க ஆட்டம் எதுவும் தெரியாது. எங்க விளக்குக்காரருக்குக் காய்ச்சல்."

எதிர்வீட்டுக்கு என் வயசு இல்லை. தலை நரைத்தவராம். மூன்று பெண்களுக்கு அப்பாவாம். காலையில் என்னிடம் தோற்றுவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் 'கொட்டாவி, கொட்டாவி' என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம், ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லையாம்.

"நீ மினுக்கலைன்னதும் எல்லாரும் பதறிட்டோம். அவர் கீழ்த்தட்டுல படுத்திருந்தார். சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்து, 'அவசரப்படாதீங்கப்பா, அந்தப் பிள்ளை விளையாடுது, கொஞ்சம் பொறுங்க'ன்னார். காய்ச்சல்ல உளர்றார்னு நினைச்சோம்."

தண்ணீர் முதலில் புகுந்தது கீழ்த்தட்டில்தான்.

வராத அந்த ஒருவர் அவர்தான்.

மார்ச் 16

நான் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் நான் செய்தது.

மார்ச் 29

அத்தை என்னோடு பேசுகிறாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அந்த ஸ்பேனரை எடு. எல்லாம் பேசுகிறாள். முன்பு மாதிரி அடியே, வாடி, போடி என்று மட்டும் கூப்பிடுவதில்லை. அடுப்பு அணைந்த எஞ்சின் அறையில் தினமும் பித்தளையைத் துடைக்கிறாள். ஓடாத எஞ்சினுக்கு எதற்கு இவ்வளவு பளபளப்பு என்று யாரும் கேட்பதில்லை.

மாமாவுக்கும் அந்தக் குட்டிப் பயலுக்கும் நாங்கள் இப்போது என்னவாக இருப்போம்? காணாமல் போனவர்களாகவா, செத்தவர்களாகவா? ஒரு வருஷம் வரைக்கும் காணாமல், அப்புறம் செத்து. அப்படித்தானே கணக்கு எழுதுவார்கள்.

ஏப்ரல் 18

தந்திக்காரரும் நானும் படகுக்காரியின் படகில் உடைந்த கப்பலுக்குப் போனோம். பின்பக்கம் இன்னும் தண்ணீருக்கு மேலேதான் நிற்கிறது. எதிர்வீட்டுக்காரரின் விளக்கைக் கழற்றினேன். கைப்பிடியில் துணி சுற்றி வைத்திருக்கிறார், கையில் தழும்பு இருந்திருக்கும் போல. துணியை அவிழ்க்கவில்லை.

அங்கேயே உயரமான இடத்தில் மாட்டினோம், எண்ணெய் ஊற்றினோம். மணல் இருக்கிறது என்று சொல்ல இந்த விரிகுடாவில் இனி ஒரு விளக்கு உண்டு. தினமும் இருட்டுவதற்கு முன்னால் ஏற்றுவது என் வேலை. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கேப்டன் சரி என்று மட்டும் சொன்னார்.

"இத்தனை காலமா இந்த மணலுக்கு விளக்கு இல்லாமத்தான் இருந்தோம்," என்றாள் படகுக்காரி. "உங்க சம்பந்திச் சண்டையால எங்களுக்கு ஒரு லாபம்." சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். தந்திக்காரர் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன்.

மே 6

நேரத்துக்கு ஏற்றினேன்.

மே 7

நேரத்துக்கு.

ஜூன் 2

மூடுபனி வந்தது.

மத்தியானச் சாப்பாட்டின்போது ஒருவர் ஓடி வந்து சொன்னார். எல்லாரும் மேலே ஓடினோம். விரிகுடாவின் வாயில் வெள்ளையாக, சுவர் மாதிரி, அன்றைக்கு எங்களை விழுங்கியதே, அதே. உள்ளே அதே ஊதா மினுமினுப்பு. இரண்டு கப்பல் ஆட்களும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். படகில் போகலாமா என்று யாரோ கேட்டார். வரும்போது உள்ளே சுழல் எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் நினைவிருக்கிறது. யாரும் படகை இறக்கவில்லை.

அத்தை மேலே வந்தாள். கையில் பித்தளை துடைக்கிற துணி. கொஞ்ச நேரம் பார்த்தாள். வீடு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"விளக்கு ஏத்தியாச்சா?"

"இன்னும் நேரம் ஆகலை அத்தை."

"போய் ஏத்து. நம்மள மாதிரி யாராவது அதுக்குள்ளேர்ந்து வந்தா மணல் இருக்குன்னு தெரியணும்ல? போய் அங்கேயே உட்காரு."

போனேன். விளக்கை ஏற்றி, மூடியைத் திறந்து திறந்து மூடி, "மணல், மணல்" என்று அனுப்பிக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை. பனி சாயங்காலம் வரை நின்றது, பிறகு பால் வற்றுகிற மாதிரி வற்றிப் போயிற்று. கடைசியில் ஒரே ஒரு முறை "கொட்டாவி" என்று அனுப்பினேன். யாருக்கு என்று கேட்டால் தெரியாது.

திரும்பி வந்து, எஞ்சின் அறை வாசலில் பூட்ஸ் மாற்றிக்கொள்ளப் போனேன். அலமாரியில் என் இடத்தில் அத்தையின் பூட்ஸ் இருந்தது. அத்தையின் இடத்தில் என்னுடையது. மற்றவர்களுடையதெல்லாம் அதனதன் இடத்தில்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அத்தை எனக்கு முதுகைக் காட்டிப் பித்தளை துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

போட்டுக்கொண்டேன். இரண்டு அளவு பெரிசு. சத்தம் வராமல் நடக்கவே முடியவில்லை.

"யாருடி அது நொண்டுறது?" என்றாள்.