பேராசிரியரின் வசை

இஸ்தான்புல், மார்ச் 1937

அன்பே,

நாம் நாட்டைவிட்டு வந்த பிறகு முதல்முறையாக நம் பேராசிரியர் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார். பெர்லின் ஆய்விதழை நீட்டி, "உங்க வாத்தியார் உங்களைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்காரு, பாத்தீங்களா?" என்று சிரித்தார் லாவ்ட்டர்பாக். அவரும் நம்மைப்போல் துரத்தப்பட்டவர்தான். சிரிப்பை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

காபியை ஆறவிட்டுப் படித்தேன். கோபம் தலைக்கேறியது.

பிறகுதான் உறைத்தது. லத்தீன் கல்வெட்டுகள் பற்றிய என் புத்தகத்தை அங்கே பெர்லினில் நூலகங்களிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஒரு யூதனைப் பாராட்டி எழுத முடியாது, திட்டி எழுதலாம். மறுப்பதாகச் சொல்லிக்கொண்டு என் வாதம் முழுவதையும் என் பெயரோடு அச்சில் ஏற்றியிருக்கிறார் மனிதர்! அவருடைய மறுப்பையோ முதலாண்டு மாணவன்கூட உடைத்துவிடுவான். நம் கட்டுரைகளில் ஒரு காற்புள்ளியைக்கூடச் சும்மா விடாதவர், தெரியாமலா அப்படி எழுதியிருப்பார்? நீயும் அவரிடம் படித்தவள்தானே, சொல்.

நன்றி சொன்னால் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் காரசாரமாகத் திட்டிப் பதில் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீ இருக்கும் ஜூரிச்சிலேயே அச்சுக்குக் கொடுத்துவிடு. இவ்வளவு பாசத்தோடு நான் யாரையும் திட்டியதில்லை.

ஒருவேளை அவர் மெய்யாகவே திட்டியிருந்தால்? பாதகமில்லை. அதற்கும் இதே பதில்தான்.

உன்னுடைய,
கோபக்காரன்